கச்சேரியை மேடையிலேயே பதிவு செய்வது: மைக் வைப்பதிலிருந்து மிக்ஸிங் வரை

சபாக் கச்சேரிப் பதிவுகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் கெடுகின்றன. கூடத்தின் பின்னால் கேமராவை நிறுத்தி, அதிலுள்ள மைக்கிலேயே ஒலியையும் எடுப்பது ஒரு வழி. பாட்டு, ஸ்பீக்கர், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, மின்விசிறி எல்லாம் கலந்து சாகித்யம் புரியாமல் போய்விடும். மைக் செட்காரரின் மிக்சரிலிருந்து ஒரு வயரை இழுத்து அதை மட்டும் பதிவு செய்வது இன்னொரு வழி. இதில் பாட்டு தெளிவாக இருக்கும். ஆனால் மிருதங்கம் பாதிதான் இருக்கும், கைதட்டல் அடுத்த தெருவிலிருந்து வருவதுபோலக் கேட்கும்.

இரண்டாவது ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இருநூறு முந்நூறு பேர் உட்காரும் கூடத்தில் மிருதங்கத்துக்கு மைக்கே அவ்வளவாகத் தேவைப்படாது. அதனால் மைக் செட்காரர் அதன் ஃபேடரை (ஒலி அளவை ஏற்றி இறக்கும் நகர்த்தி) கீழேயே வைத்திருப்பார்; குரலையும் வயலினையும் ஏற்றியிருப்பார். கூடத்தில் எது குறைகிறதோ அதை நிரப்பத்தான் மிக்சர் இருக்கிறது. அவர் வேலையைச் சரியாகச் செய்யச் செய்ய, அவர் வெளியே அனுப்பும் ஒலி பதிவுக்குப் பொருந்தாமல் போகும். ஆகவே அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. பதிவுக்கென்று தனியாக ஒலி எடுக்க வேண்டும்: மிக்சரிலிருந்து ஒன்று, மேடை முன்பு இரண்டு மைக் வைத்து ஒன்று, முடிந்தால் ரசிகர்கள் பக்கம் ஒன்று. இவற்றைப் பிறகு கலக்கிறோம்.

முதல் நாளே பேசி முடிக்க வேண்டியவை

பாடுபவர், பக்கவாத்தியக்காரர்கள், சபா செயலாளர் என எல்லோரிடமும் அனுமதி வாங்குங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகலைஞருக்குத் தனி உரிமை தருகிறது. அதில் மிருதங்கக்காரரும் அடக்கம். யூடியூபில் ஏற்றப்போகிறீர்களா, சொந்தச் சேமிப்புக்கு மட்டுமா என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது மைக் செட்காரர். அவரிடம் கேட்க வேண்டியவை சில: மிக்சர் எந்த மாடல், அனலாக்கா டிஜிட்டலா? காலியாக ஆக்ஸ் (மெயின் அல்லாமல் தனிக் கலவையை வெளியே அனுப்பும் வழி) இருக்கிறதா? வெளியே வரும் பின் எக்ஸ்எல்ஆரா, கால் இஞ்ச் ஜாக்கா, ஆர்சிஏவா? மிக்சருக்கு மின்சாரம் எந்தப் பாயிண்டிலிருந்து வருகிறது? மாடல் பெயர் தெரிந்தால் மற்றதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். மார்கழியில் ஒரே மேடையில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு கச்சேரிகள் அடுத்தடுத்து நடக்கும். இடைவெளி அரை மணி நேரம்கூட இருக்காது. அப்போது வயர் தேடிக்கொண்டிருக்க முடியாது. காலைக் கச்சேரிக்கு முன்பே போய் வயர்களை ஓட்டி டேப் ஒட்டிவிடுவதுதான் ஒரே வழி.

கொண்டு போக வேண்டியவை

குறைந்தது நான்கு, முடிந்தால் ஆறு உள்ளீடுகள் உள்ள ரெக்கார்டர். ஒரே மாதிரியான இரண்டு சிறிய கண்டென்சர் மைக்குகள், முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் கார்டியாய்டு வகை. இரண்டையும் ஒரே ஸ்டாண்டில் மாட்ட ஒரு ஸ்டீரியோ பார். அதிர்வைத் தடுக்கும் ரப்பர் மவுண்ட். கனமான அடிப்பாகம் உள்ள மெல்லிய ஸ்டாண்ட். பத்து மீட்டர் எக்ஸ்எல்ஆர் வயர் நான்கு, இருபது மீட்டர் இரண்டு. இரண்டு கருவிகளின் மின்தொடர்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் அல்லது ஐசோலேட்டர் இரண்டு. காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன். துணி டேப். எக்ஸ்எல்ஆர், ஜாக், ஆர்சிஏ ஒவ்வொன்றையும் மற்றொன்றாக மாற்றும் இணைப்பிகள். இந்தக் கடைசிப் பொருள்தான் அதிகம் மறக்கப்படுவது. நூறு இருநூறு ரூபாய் சமாச்சாரம் இல்லாமல் முழுக் கச்சேரியும் போய்விடும்.

பதிவின் அளவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். வீடியோவோடு சேர்க்க 48தான் வசதி. இந்த அளவில் ஸ்டீரியோ பதிவு மணிக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி. ஆறு தடங்கள் என்றால் மணிக்கு மூன்று ஜிபிக்குச் சற்று மேல். மூன்று மணிக் கச்சேரிக்கு 32 ஜிபி கார்டு தாராளம். ஆனால் வேவ் கோப்பு ஒன்று நான்கு ஜிபியைத் தாண்ட முடியாது. ரெக்கார்டர் தானாகவே அடுத்த கோப்பைத் தொடங்கும். சில மாடல்கள் இரண்டு ஜிபியிலேயே பிரிக்கும். அந்த இணைப்பில் ஒலி விடுபடாமல் ஒட்டுகிறதா என்று வீட்டில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டுச் சோதித்திருக்க வேண்டும். கார்டை ரெக்கார்டரிலேயே ஃபார்மேட் செய்யுங்கள், கணினியில் வேண்டாம்.

கண்டென்சர் மைக்குக்கு ரெக்கார்டர் மைக் வயர் வழியாகவே 48 வோல்ட் மின்சாரம் (ஃபாண்டம்) கொடுக்கும்போது பேட்டரி மிக விரைவாக இறங்கும். பவர் பேங்கில் ஓட்டி, உள்ளே புது பேட்டரிகளும் போட்டு வையுங்கள். யாராவது வயரைக் காலால் தட்டிவிட்டாலும் பதிவு நிற்காது.

செல்போனில்தான் எடுக்க முடியும் என்றால் ஒரு எச்சரிக்கை. போனின் சத்தக்குறைப்பு, இடைவிடாமல் ஒரே மாதிரி வரும் ஒலியை இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். தம்புரா சுருதி அப்படிப்பட்டதுதான். அதை அமுக்க முயன்று குரலையும் சேர்த்துக் கலக்கிவிடும். ஒலி அளவைத் தானே ஏற்றி இறக்கும் தானியங்கி கெயினையும் சத்தக்குறைப்பையும் அணைக்கக்கூடிய பதிவுச் செயலியை மட்டும் பயன்படுத்துங்கள்.

மிக்சரிலிருந்து எடுப்பது

டிஜிட்டல் மிக்சராக இருந்தால் அதிர்ஷ்டம். பெரிங்கர் எக்ஸ்32 போன்றவற்றில் யூஎஸ்பி வழியாக 32 தடங்களையும் தனித்தனியே மடிக்கணினியில் எடுக்கலாம். எக்ஸ்-லைவ் கார்டு மாட்டியிருந்தால் நேரே எஸ்டி கார்டிலேயே பதிவாகும். ஒவ்வொரு மைக்கும் தனித் தடமாகக் கிடைப்பதால் மிருதங்கத்தைப் பிறகு நம் விருப்பப்படி ஏற்றலாம். பதிவுக்கு எடுக்கும் இடம் ஃபேடருக்கு முன்பா, தொனியைத் திருத்தும் ஈக்யூவுக்கும் உரத்த ஒலியை நெருக்கும் கம்ப்ரஸருக்கும் முன்பா என்பதை மட்டும் பாருங்கள். கூடத்தில் ஃபீட்பேக்கைத் தவிர்க்க வெட்டிய ஈக்யூ நமக்கு வேண்டாம்.

அனலாக் மிக்சரில் மெயின் அவுட்டைக் கேட்காமல், காலியான ஆக்ஸ் ஒன்றைக் கேளுங்கள். அது ப்ரீ-ஃபேடராக (ஃபேடருக்கு முன்பே பிரிந்து வருவதாக) இருக்கட்டும். அப்போது கூடத்துக்காக அவர் ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் நம் பதிவு மாறாது. அந்த ஆக்ஸில் மிருதங்கத்தையும் கடத்தையும் கூடத்துக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு ஆக்ஸ் கிடைத்தால் ஒன்றில் குரலும் வயலினும், மற்றதில் தாள வாத்தியங்கள். இப்படிப் பிரிப்பது பின்னால் பெரிய உதவி. கெயின் குமிழைத் திருப்பினால் மட்டும் ப்ரீ-ஃபேடரும் மாறும். முதல் உருப்படியான வர்ணத்துக்குப் பிறகு கெயினைத் தொட வேண்டாம் என்று தயவாகச் சொல்லி வையுங்கள்.

இங்கே அதிகம் நடக்கும் விபத்து, லைன் அளவு ஒலியை மைக் உள்ளீட்டில் செருகுவது. தொழில்முறை மிக்சரின் லைன் ஒலி ஒரு வோல்ட்டுக்கு மேல் இருக்கும். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். மைக் உள்ளீடு அதைத் தாங்காது. மீட்டர் அமைதியாக இருக்கும்படி கெயினைக் குறைத்தாலும் உள்ளே முன்பெருக்கி ஏற்கெனவே கிழிந்திருக்கும், ஒலி கரகரக்கும். பல ரெக்கார்டர்களில் ஒரே ஓட்டையில் எக்ஸ்எல்ஆர் செருகினால் மைக் அளவு, கால் இஞ்ச் ஜாக் செருகினால் லைன் அளவு என்று இருக்கும். கையேட்டில் பார்த்துக்கொண்டு சரியான பின்னோடு போங்கள். மிக்சர் வரும் உள்ளீட்டில் ஃபாண்டம் கண்டிப்பாக அணைந்திருக்க வேண்டும். 48 வோல்ட் திரும்பிப் போனால் சில மிக்சர்களின் அவுட்புட் பழுதாகும்.

இரண்டு கருவிகளும் வெவ்வேறு மின்பாயிண்டில் இருந்தால் "உம்ம்" என்று ஓர் ஓசை வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50, 100, 150 என்ற இடங்களில் அது நிற்கும். முதலில் ரெக்கார்டரைப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் ஐசோலேட்டரைப் போட்டு, அதன் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் எடுத்துவிடக் கூடாது. மேடையில் மைக்கைத் தொடும் கலைஞரின் உயிர் அந்த வயரில் இருக்கிறது.

"உம்ம்" இல்லாமல் "ஸ்ர்ர்" என்று கூர்மையாக வந்தால் விளக்கு டிம்மரைச் சந்தேகப்படுங்கள். விளக்கு வயரோடு மைக் வயர் பக்கத்தில் ஓடக் கூடாது. கடக்க வேண்டியிருந்தால் குறுக்காகக் கடக்கட்டும்.

மேடை முன்பு இரட்டை மைக்

பதிவுக்கு உயிர் தருவது இதுதான். மற்றவை எல்லாம் கிடைக்காமல் போய் இது ஒன்று மட்டும் நன்றாக அமைந்தாலும் கேட்கத்தக்க பதிவு கிடைக்கும்.

எங்கள் பரிந்துரை ஓஆர்டிஎஃப் முறை. இரண்டு கார்டியாய்டு மைக்குகளின் முனைகளுக்கு இடையே 17 சென்டிமீட்டர். இரண்டும் வெளிப்பக்கமாக விரிந்து 110 பாகைக் கோணம். அடிக்குச்சியும் ப்ரொட்ராக்டரும் வைத்து அளந்தே மாட்டுங்கள். கச்சேரி மேடையில் கலைஞர்கள் உட்காரும் அகலம் சுமார் நான்கு மீட்டர். பாடுபவருக்கு நேர் எதிரே இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் அந்த முழு அகலமும் இந்தக் கோணத்துக்குள் சரியாக அடங்கும். இன்னும் கிட்டே போனால் மிருதங்கமும் வயலினும் இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒட்டிக்கொண்டு நடுவில் பள்ளம் விழும். தள்ளிப் போகப் போகக் கூடத்தின் எதிரொலி ஓங்கும்.

உயரம், கலைஞர்கள் அமர்ந்திருக்கும் தளத்திலிருந்து 1.2 மீட்டர், மைக்குகள் இலேசாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். முன்வரிசைக்காரருக்கு மறைக்கிறது என்பார்கள், வீடியோ எடுப்பவர் முகம் சுளிப்பார். அதற்காக ஸ்டாண்டை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் ஒரு சிக்கல் உண்டு. வலக்கை வாசிப்பாளரின் மிருதங்கத்தில் வலந்தலை (வலக்கை வாசிக்கும் முகம்) ரசிகர்களைப் பார்த்தே இருக்கும்; தாழ்ந்த மைக் அதற்கு நேர் எதிரில் வந்துவிடும். "சாப்பு" ஒவ்வொன்றும் அறைந்ததுபோல விழும், குரல் பின்னுக்குப் போகும். இறக்கித்தான் ஆகவேண்டும் என்றால் முழு ஜோடியையும் வயலின் பக்கம் அரை மீட்டர் நகர்த்துங்கள். மேலே கம்பி இருந்து, அங்கே கட்டித் தொங்கவிட அனுமதியும் கிடைத்தால் இரண்டரை மீட்டர் உயரத்தில் தொங்கவிடுவது யாருக்கும் தொல்லையில்லாத வழி.

ஸ்பீக்கர்களுக்குப் பின்னால், மேடைப் பக்கமாக மைக் இருக்க வேண்டும். கார்டியாய்டு மைக்கின் முதுகுப் பக்கம் ஒலியை மிகக் குறைவாக வாங்கும். அந்த முதுகு ரசிகர்களையும் ஸ்பீக்கர்களையும் பார்த்திருக்கட்டும். மேடை மானிட்டர் ஸ்பீக்கர்கள்தான் உண்மையான தலைவலி. அவை கலைஞரைப் பார்த்து நிற்பதால் ஒலி கலைஞர் மேல் பட்டு நேரே நம் மைக்குக்குத் திரும்பும். மானிட்டரை இரண்டு டெசிபல் குறைக்க முடியுமா என்று பாடுபவரிடம் கேட்டுப் பாருங்கள். சுருதி கேட்டால் போதும் என்பவர் பலர் உண்டு.

மேலே சுழலும் மின்விசிறிக்கும் ஏசி காற்று வரும் வாய்க்கும் நேர்க் கீழே மைக் நிற்கக் கூடாது. மேடை மரத்தாலானது என்றால் ஸ்டாண்டின் அடியில் தடித்த பஞ்சு மெத்தைத் துண்டு போடுங்கள்; தாளம் போடும் கை தொடையில் விழும் அதிர்வுகூடப் பலகை வழியாக ஏறும்.

இடக்கை மிருதங்க வித்வான் வந்தால் அவரும் வயலின்காரரும் இடம் மாறி அமர்வார்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கை வாசிப்பாளர் என்பது எல்லோரும் அறிந்தது. இப்படி இருந்தால் மைக் வயர்கள் இரு பக்கமும் எட்டும் நீளத்தில் இருக்க வேண்டும். முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

வாத்தியம் வாத்தியமாக

குரல். வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர்; மைக் மோவாய்க்குச் சற்றுக் கீழிருந்து வாயைப் பார்த்திருக்கட்டும். கார்டியாய்டு மைக்கை உதட்டோடு ஒட்டிப் பாடினால் அடித்தொனி வீங்கும். பின்னால் சாய்ந்தால் அந்த வீக்கம் போய் ஒலி மெலியும். ராக ஆலாபனையில் தலை அசைவது இயல்பு, அதைத் தடுக்கக் கூடாது. அதனால்தான் சற்றுத் தள்ளி வைக்கச் சொல்கிறோம்: தூரம் கூடினால் அசைவின் வித்தியாசம் குறையும். மைக் ஸ்டாண்டின் கால் பாடுபவரின் தொடைக்கு அருகே வரவேண்டாம். பூம் கம்பியில் தூரத்திலிருந்து நீட்டுங்கள்.

மிருதங்கம். இரண்டு டைனமிக் மைக்குகள், எஸ்எம்57 வகை போதும். வலந்தலையில் 15 சென்டிமீட்டர் தள்ளி, நடுவிலுள்ள கறுப்புப் பூச்சான கரணைக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட இடத்தைப் பார்த்துச் சாய்வாக. நேரே கரணையைப் பார்த்தால் விரல் தட்டும் ஓசைதான் வரும், மீட்டின் நாதம் வராது. மறுமுகமான தொப்பியிலும் அதே தூரம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: தொப்பியில் ரவை பூசுவது கச்சேரி தொடங்குவதற்குச் சற்று முன்புதான். அதற்கு முன்னால் சவுண்ட் செக் செய்தால் தொப்பியின் ஆழ்ந்த ஒலியான கும்கி கேட்காது. மைக் செட்காரர் கீழ்த்தொனியை ஏற்றிவிடுவார். பிறகு ரவை ஏறியதும் கூடமே அதிரும். ரவை பூசிய பின் வாசிக்கச் சொல்லியே அளவு வையுங்கள். கச்சேரி போகப் போக ரவை காயும்போது தொப்பியின் தொனி மெல்ல ஏறும். அது மைக்கின் கோளாறு என்று நினைத்து எதையும் திருப்ப வேண்டாம்.

இரண்டு மைக்கும் ஒரே உடலின் எதிரெதிர் முனைகளைப் பார்க்கின்றன. ஆகவே ஒன்றின் போலாரிட்டியை (ஒலியலையின் மேல்கீழ்த் திசையை) திருப்பிப் பாருங்கள். எந்த நிலையில் தொப்பி நிறைந்து கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு விதி கிடையாது, காதுதான்.

வயலின். பலர் தங்கள் சொந்தக் கிளிப் மைக்கோடு வருகிறார்கள், அதுவே நல்லது. பிக்கப் மட்டும்தான் என்றால் ஒலி மூக்கடைத்தாற்போலவும் கீச்சென்றும் இருக்கும். கூடவே பிரிட்ஜுக்கு 30 சென்டிமீட்டர் மேலே ஒரு மைக் வைத்து இரண்டையும் கலக்கலாம். வில் போகும் பாதையில் மைக் குறுக்கிடாமல் பாருங்கள்: கீழ்த் தந்திக்குப் போகும்போது வில் உயரும்.

தம்புரா. எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியோ செல்போன் செயலியோ இருந்தால், அதன் ஹெட்ஃபோன் துளையிலிருந்து டிஐ வழியாகத் தனித் தடமாக எடுங்கள். பெட்டியைப் பாடுபவரின் மைக் அருகில் வைத்து அதிலேயே சுருதியையும் பிடிப்பதுதான் வழக்கம்; ஆனால் அப்போது குரல் ஃபேடர் ஏறி இறங்கும்போதெல்லாம் சுருதியும் ஏறி இறங்கும். உண்மையான தம்புரா என்றால் பிரிட்ஜிலிருந்து 30 சென்டிமீட்டரில் ஒரு கண்டென்சர்.

கடத்துக்கு வாய்ப்பக்கம் ஒன்று, மேல்பக்கம் ஒன்று. கஞ்சிராவுக்கு 20 சென்டிமீட்டர். முகர்சிங் மிகச் சிறிய ஒலி, மைக்கைக் கையால் வாயருகே பிடித்தே வாசிப்பார்கள். கெயின் மிக அதிகமாக இருக்கும் என்பதால், வாசிக்காதபோது அந்தத் தடத்தைப் பின்னர் மூடிவிட வேண்டும். கடமும் மிருதங்கமும் அருகருகே இருந்தால் ஒரு மைக் தன் வாத்தியத்திலிருந்து உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்காவது அடுத்த மைக் விலகியிருக்கட்டும். குறைந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்று தொனி மெலியும். புல்லாங்குழலுக்கு ஊதும் துளையின் நேரே வேண்டாம், சற்று மேலிருந்து விரல் துளைகளைப் பார்த்து வைத்தால் மூச்சுக்காற்று விழாது.

கெயின் வைப்பது

சவுண்ட் செக்கில் எல்லோரும் மெதுவாகத்தான் வாசிப்பார்கள். மேடையில் கூட்டத்தைப் பார்த்ததும் ஒலி ஏறும். அதனால் பாடுபவரிடம் தார ஸ்தாயியில் ஒருமுறை முழுக் குரலில் நிற்கச் சொல்லுங்கள். மிருதங்கக்காரரிடம் தனி ஆவர்த்தனத்தின் கடைசிக் கோர்வையில் இருக்கும் பலத்தோடு நான்கு அறுதி வாசிக்கச் சொல்லுங்கள். அப்போது மீட்டரின் உச்சம் -12 டெசிபலுக்கு மேல் போகாமல் இருக்கட்டும். இரட்டை மைக்குக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும், -15. கைதட்டல் அதில்தான் திடீரென விழும். 24 பிட்டில் தாழ்வாகப் பதிவு செய்வதால் இழப்பு ஒன்றும் இல்லை, பிறகு ஏற்றிக்கொள்ளலாம். உச்சியில் மோதி உடைந்த ஒலியைச் சரிசெய்ய வழியே இல்லை.

ஜூம் எஃப்3, எஃப்6 போன்ற 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்களில் கெயின் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் மிக்சருக்குள்ளேயே உடைந்து வந்த ஒலியையோ, தவிலுக்குப் பக்கத்தில் திணறும் மைக்கையோ அவையும் காப்பாற்றாது. சாதாரண ரெக்கார்டரில், அதே ஒலியை 12 டெசிபல் குறைத்து இன்னொரு கோப்பாக எழுதும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

உச்சத்தை அமுக்கும் லிமிட்டர், தானியங்கி கெயின், அடித்தொனியை வெட்டும் லோ-கட் மூன்றையும் அணையுங்கள். ரெக்கார்டரின் லோ-கட் எல்லாத் தடங்களுக்கும் ஒன்றுபோல விழுந்தால் தொப்பியின் அடித்தொனி பதிவாகாமலே போகும்.

ஓடும்போது

திரைச்சீலை விலகுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ரெக்கார்டரை ஓட விடுங்கள். கேமராக்களும் ஓடத் தொடங்கியதும் எல்லாவற்றுக்கும் கேட்கும்படி ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். பின்னால் ஒலியையும் படத்தையும் சேர்க்க அதுவே அடையாளம். வர்ணம் முடியும் வரை மீட்டரைப் பார்த்துத் தேவையானால் திருத்துங்கள். அதன் பின் கெயினில் கை வைக்க வேண்டாம். ஹெட்ஃபோனில் கேட்பது ஓசை, கரகரப்பு, வயர் தளர்வு ஆகியவற்றைக் கண்டுபிடிக்க மட்டும். கூடத்தின் ஒலி ஹெட்ஃபோனுக்குள்ளும் கசிவதால் அளவைக் காதால் முடிவு செய்ய முடியாது. உருப்படி தொடங்கும் நேரம், ராகம், தாளம் இவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

சேர்ப்பதும் கலப்பதும்

முதல் வேலை நேரத்தை ஒட்டவைப்பது. ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 2.9 மில்லிசெகண்ட் ஆகிறது. பாடுபவரின் மைக்கில் உடனே விழும் சொல், இரண்டு மீட்டர் தள்ளியுள்ள ஜோடியில் 6 மில்லிசெகண்ட் கழித்து விழும். கூடத்தில் 15 மீட்டர் பின்னால் வைத்த மைக்கில் 43 மில்லிசெகண்ட் கழித்து. இதைச் சரிசெய்யாமல் கலந்தால் குரல் குழாய்க்குள் போனதுபோல ஆகும். மிருதங்கத்தின் ஓர் அறுதியைப் பெரிதாக்கிப் பார்த்து, மிக்சர் தடங்களை ஜோடியின் நேரத்துக்குத் தள்ளுங்கள். கூட மைக்கைச் சரியாக ஒட்டவைக்க வேண்டியதில்லை. அது கைதட்டலுக்கும் கூட உணர்வுக்கும் மட்டும், மிகத் தாழ்வாக.

இரண்டு தனித்தனிக் கருவிகளில் பதிவு செய்திருந்தால் அவற்றின் கடிகாரங்கள் மெல்ல விலகும். பத்து லட்சத்தில் இருபது பங்கு வித்தியாசம் மிகச் சாதாரணம். அதுவே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்ட். தொடக்கத்தில் பொருந்திய உதடும் சொல்லும் மங்களத்தில் பொருந்தாது. கடைசிக் கைதட்டலையும் ஒப்பிட்டுப் பார்த்து, நீளத்தைச் சற்று இழுத்தோ சுருக்கியோ பொருத்துங்கள், அல்லது உருப்படிக்கு உருப்படி வெட்டித் தனியாக ஒட்டுங்கள்.

கலக்கும்போது முதலில் இரட்டை மைக்கை மட்டும் ஏற்றுங்கள். பிறகு குரல் தடத்தை, சாகித்யம் தெளியும் வரை. பிறகு வயலின், கடைசியில் மிருதங்கம். நெருங்கிய மைக்குகளை ரசிகர் பார்வையிலேயே பக்கம் பிரியுங்கள்: குரல் நடுவே, மிருதங்கம் சற்று இடப்பக்கம், வயலின் சற்று வலப்பக்கம். ஜோடியில் கேட்கும் இடத்தோடு இது பொருந்தாவிட்டால் வாத்தியம் இரண்டு இடத்தில் இருப்பதுபோலக் குழப்பும்.

லோ-கட்டைச் சுருதி பார்த்து வையுங்கள். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண்குரலின் ஆதார ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ். மந்திர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அதற்கு 70க்கு மேல் வெட்டக் கூடாது. ஐந்து கட்டைப் பெண்குரலின் ஷட்ஜம் 196, மந்திர பஞ்சமம் 147. அங்கே 100 வரை போகலாம். ஓசையை நீக்க 100 ஹெர்ட்ஸில் குறுகலாக வெட்டுவோர் மேலே சொன்ன 98ஐ நினைவில் வைக்க வேண்டும். அந்த வெட்டு பாடுபவரின் மந்திர பஞ்சமத்தையே கொண்டுபோய்விடும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை முழுப் பதிவுக்கும் போடாதீர்கள். தம்புராவின் ஜீவா தரும் ரீங்காரம் முதலில் போகும், பிறகு பாட்டின் இடைவெளிகளில் ஒரு செயற்கை நிசப்தம் எட்டிப்பார்க்கும்.

கம்ப்ரஸர் குரலுக்கு மட்டும், 2:1 விகிதத்தில், உச்சத்தில் மூன்று டெசிபல் குறைத்தால் போதும். தனி ஆவர்த்தனத்தில் எதையும் நெருக்காதீர்கள். மெல்லிய நடையிலிருந்து மோராவுக்கு ஏறும் அந்த ஏற்றமே வாசிப்பு. கைதட்டலைக் கையாலேயே ஆறு டெசிபல் குறையுங்கள். உருப்படிகளுக்கு நடுவே கல்லும் குச்சியும் வைத்து மிருதங்கத்தைச் சுருதி சேர்க்கும் தட்டல்களையும் தணிக்கலாம், ஆனால் அடியோடு வெட்ட வேண்டாம்: சுருதி சேர்வதைக் கேட்பதும் கச்சேரியின் பகுதிதான்.

யூடியூப் -14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (சராசரி உரப்பின் அளவு) மேல் உள்ளதைத் தானே குறைக்கும். கீழே உள்ளதை ஏற்றாது. கச்சேரிக்கு -16 முதல் -18 வரை, உச்சம் -1 என்று வையுங்கள். -14ஐ எட்டியாக வேண்டும் என்று லிமிட்டரால் அமுக்கினால் ஆலாபனையும் தனியும் ஒரே உரப்பில் வந்து நிற்கும்.

கோயில் வாசல், நாட்டியம், நாடகம்

திறந்தவெளியில் எதிரொலி இல்லை, காற்றுதான் எதிரி. ஸ்பாஞ்ச் உறை போதாது, ரோமம் வைத்த காற்றுறை வேண்டும். ஜெனரேட்டர் ஓடினால் ஓசை 50 ஹெர்ட்ஸில் நிலையாக நிற்காமல் அலையும். பிறகு வெட்டி நீக்க முடியாது என்பதால் ரெக்கார்டரைப் பேட்டரியிலேயே ஓட்டுங்கள். நாகஸ்வரத்தின் விரிந்த வாயான அணசுக்கு நேராக மைக் வேண்டாம், ஒன்றரை மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள். ஊதும்போது வாத்தியம் அசைவதும் அப்போது தெரியாது. தவிலுக்கு இரு பக்கமும் டைனமிக் மைக், மிக்சரில் உள்ளே வரும் ஒலியை 20 டெசிபல் குறைக்கும் பேட்.

பரதநாட்டியத்தில் நட்டுவனாரின் தாளம் அவருடைய குரல் மைக்கிலேயே விழுந்து மற்றதை எல்லாம் மூடும். மைக்கை மேலிருந்து இறக்கி, தாளத்தை மடி உயரத்தில் பிடிக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். சலங்கைக்கும் தட்டடவுக்கும் மேடை விளிம்பில் தரையோடு தட்டையாக வைக்கும் பவுண்டரி மைக் இரண்டு. நாடகத்துக்கும் அதே வகைதான்: எட்டு மீட்டர் அகல மேடைக்கு மூன்று, இடையே இரண்டரை மீட்டர், ஒவ்வொன்றின் அடியிலும் காலடி அதிர்வைத் தடுக்க ஒரு ரப்பர் விரிப்பு. நடிகர் மேடையின் பின்பகுதிக்குப் போனால் குரல் தேயும். முக்கியக் காட்சி எங்கே நடக்கிறது என்று இயக்குநரிடம் முன்பே கேட்டு, நடு மைக்கை அந்த நேர்க்கோட்டில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும், கலக்காத மூலக் கோப்புகளை இரண்டு வேறு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, இரண்டையும் திறந்து கேட்டுப் பார்த்த பிறகே கார்டை அழியுங்கள். கோப்புறையின் பெயரில் தேதி, சபா, பாடுபவர் பெயர் இருக்கட்டும்; ராகங்களும் நேரமும் குறித்த அந்தத் தாளைப் படமெடுத்து அதே கோப்புறையில் போட்டுவிடுங்கள். பக்கவாத்தியக்காரர்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.